நற்கருணை மௌனத்தில் இரைந்த பேஸ் கிற்றார்

திருப்பலியில் நற்கருணை வாங்கி எல்லோரும் முழந்தாளிட்ட பிறகு ஆலயத்தில் பெரிய அமைதி ஒன்று வரும். அதற்குள் என் பேஸ் கிற்றார் மட்டும் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது. இரண்டு வருடம் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

என்னுடையது ஜாஸ் பேஸ் வகை. ஃபெண்டர் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த அமைப்பு. தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் இரண்டு. இரண்டையும் சம அளவில் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அழித்துவிடும். ஒன்றை மட்டும் திறந்தால் குழல்விளக்கின் இரைச்சல்கூட உள்ளே வந்துவிடும். எனக்கோ கழுத்துப் பக்கத்துப் பிக்கப் தனியாக வேண்டும். மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் பைலா என்ற ஆட்டப் பாட்டுக்கு வாசிக்கிறவன் நான். அந்தத் துள்ளலுக்கு வேண்டிய திரண்ட ஒலி அங்கேதான் பிறக்கிறது.

9 வோல்ட் பற்றரியில் இயங்கும் பிக்கப் வாங்கச் சொன்னார்கள். நடுச்சாமத்தில், ஆட்டம் சூடேறிய நேரத்தில் பற்றரி தீர்ந்தால் யாரிடம் போவது? அதனால் ஒரே உறைக்குள் இரண்டு சுருள்கள் வைத்த, இரைச்சல் அழிக்கும் வகையைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். வாங்குமுன் அடிமட்டம் வைத்து அளந்தேன். ஜாஸ் பேஸில் பின்பக்கத்துப் பிக்கப் முன்பக்கத்ததைவிட வழக்கமாக 3 மில்லிமீற்றர் நீளம். பல மலிவுக் கிற்றார்களில் இரண்டும் ஒரே நீளம். அளக்காமல் வாங்கினால் மரத்தைக் குடைய வேண்டிவரும்.

பற்றவைக்க, கல்லடியில் றேடியோ திருத்தும் அண்ணன் ஒருவரிடம் போனேன். பழைய வயர்களைப் படம் எடுத்துக்கொண்டே கழற்றினோம். ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகும் 250 கிலோ ஓம் கட்டுப்பாடுகள் நன்றாக இருந்ததால் அவற்றை மாற்றவில்லை. அவற்றின் முதுகில் ஈயம் ஒட்டுவதுதான் சிரமம்; அந்தத் தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும். அண்ணன் அரத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கியபின் ஈயம் ஒரே தொடுகையில் பரவியது.

எல்லாம் பூட்டி அம்பிளிஃபயரில் செருகினால், இரைச்சல் அப்படியே இருக்கிறது! எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

"தம்பி, தந்தியைத் தொடுங்கள்" என்றார். தொட்டேன், மாற்றமில்லை. "இப்போது வயர் செருகும் இடத்து இரும்பைத் தொடுங்கள்." தொட்டதும் இரைச்சல் அடங்கியது.

"தந்திக்கு எர்த் போகவில்லை."

தந்திகளின் அடி நுனியைத் தாங்கும் பாலத்தைக் கழற்றினோம். அதன் அடியில் இருக்கவேண்டிய எர்த் வயரின் நுனி பச்சை பிடித்து, தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. இங்கத்தைய உப்புக்காற்றும் என் கை வியர்வையும் செம்பைத் தின்றிருந்தன. எத்தனை சுருள் உள்ள பிக்கப்பாக இருந்தாலும் இந்த வயர் அறுந்திருந்தால் வாசிப்பவனின் உடம்பே இரைச்சலை ஏந்திக் கொடுக்கும். புது வயரின் நுனியை விரித்துப் பாலத்தின் அடியில் வைத்து இறுக்கினோம். தந்தியில் கை பட்டாலும் படாவிட்டாலும் ஒரே அமைதி.

பிக்கப் வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்த வயரைப் பாருங்கள். எனக்குப் புதியவையும் தேவைப்பட்டன. உங்களுக்கு அந்தச் செலவே மிச்சமாகக்கூடும்.

பிக்கப்புகளின் உயரம் சரிபார்க்க இன்னும் ஒரு மாலை போனது. முதலில் ஆசைப்பட்டு அதிகம் உயர்த்திவிட்டேன்; காந்தம் தடித்த தந்தியை இழுத்து, மேல் சுரங்கள் தளும்பின. கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்து, தடித்த தந்திக்குக் கீழே 3 மில்லிமீற்றரும் மெல்லிய தந்திக்குக் கீழே இரண்டரையும் விட்டேன். இப்போதும் அப்படியே இருக்கிறது.