பழைய பேஸ்பால் வீரர்களைக் கணினி ஆட்டத்தில் ஏற்றுவது: வேலைக் குறிப்புகள்

மார்ச் 2

அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலின் பழைய வீரர்களை, புள்ளிவிவரங்களை வைத்துப் போட்டிகளை நடத்தும் அவுட் ஆஃப் தி பார்க் என்ற கணினி ஆட்டத்தில் ஏற்றுவதற்கான கோப்புகளைத் தயார் செய்யும் வேலை தொடங்கியது. அடிப்படை, ஷான் லாமன் தொகுத்த டேட்டாபேஸ். 1871-லிருந்து எல்லாம் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்புகளாகவே இருக்கின்றன. தேவைப்படுபவை ஐந்துதான்: பீப்பிள் (வீரர் விவரம்), பேட்டிங், பிட்சிங் (பந்துவீச்சு), ஃபீல்டிங், அப்பியரன்சஸ் (ஆடிய ஆட்டங்கள்).

இந்த ஐந்தையும் கோத்து வைத்திருப்பது வீரர் ஐடி. ஆங்கிலத்தில் குடும்பப் பெயரின் முதல் 5 எழுத்து, முதற்பெயரின் முதல் 2 எழுத்து, கடைசியில் 2 இலக்கம். பெயரை வைத்துக் கோப்புகளை இணைக்கவே கூடாது. கென் கிரிஃபி அப்பாவும் மகனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். 1990-ல் இருவரும் சியாட்டில் அணியில் சேர்ந்தே ஆடியதால் ஆண்டையும் அணியையும் வைத்துக்கூடப் பிரிக்க முடியாது. ஐடியில் அப்பா 01, மகன் 02. தகராறே இல்லை.

மார்ச் 3

சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறந்து, சும்மா ஒரு தரம் சேமித்தாலே போதும், தேதிகள் கெட்டுவிடும். பேப் ரூத்தின் முதல் ஆட்டம் 1914-07-11. எக்ஸெல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு, கணினியின் அமைப்புப்படி 11-07-1914 என்று திருப்பி எழுதிவிடும். ஹோனஸ் வாக்னரின் 1897-07-19 மட்டும் அப்படியே நிற்கும், ஏனென்றால் எக்ஸெலின் காலண்டர் 1900-ல்தான் ஆரம்பம். ஒரே நெடுவரிசையில் இரண்டு வடிவம் கலந்துவிட்டால், இம்போர்ட்டில் பாதிப் பேரின் அறிமுக ஆண்டு தொலைந்துபோகும்.

மருந்து: திறக்காமல், ‘டேட்டா’ பகுதி வழியாக உள்ளே எடுங்கள். தேதி நெடுவரிசைகளை ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள். எழுத்துக் குறியாக்க முறை யுடிஎஃப்-8. இல்லாவிட்டால் ஸ்பானியப் பெயர்களெல்லாம் குப்பை எழுத்தாக வந்து நிற்கும்.

மார்ச் 5

இரண்டு கணக்குகள்.

முதலாவது ‘ஸ்டின்ட்’, அதாவது ஓர் ஆண்டில் ஓர் அணியோடு இருந்த காலம். சீசன் நடுவில் அணி மாறியவருக்கு ஓர் ஆண்டுக்கே இரண்டு வரிசை இருக்கும். லூ பிராக் 1964: சிகாகோ கப்ஸுக்கு 215 அட்-பேட் (கணக்கில் சேரும் அடி வாய்ப்பு), 54 ஹிட் (அடித்துத் தளம் சேர்ந்தது), செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு 419 அட்-பேட், 146 ஹிட். கடைசி வரிசை மட்டும் போய்ச் சேர்ந்தால் அவர் .348 பேட்டர் (ஹிட்டை அட்-பேட்டால் வகுத்தால் வரும் பேட்டிங் சராசரி). முதல் வரிசை மட்டும் என்றால் .251. இரண்டையும் கூட்டினால் 634-க்கு 200, அதாவது .315. ஐடி, ஆண்டு இரண்டையும் வைத்துத் தொகுத்துக் கூட்டிய பிறகே ஏற்ற வேண்டும். சராசரிகளைக் கூட்டி இரண்டால் வகுப்பது தப்பு, அப்படிச் செய்தால் .300-க்கு இறங்கிவிடும்.

இரண்டாவது கணக்கு, இன்னிங்ஸ். பிட்சர் (பந்து வீசுபவர்) பாப் கிப்சன் 1968-ல் வீசியது 304.2 இன்னிங்ஸ். கிரிக்கெட்டில் 9.4 ஓவர் என்றால் 9 ஓவரும் 4 பந்தும் என்று நமக்குத் தெரியும். இதுவும் அதே மாதிரிதான்: 304 இன்னிங்ஸும் 2 அவுட்டும். லாமன் கோப்பில் இது அவுட் எண்ணிக்கையாக 914 என்றே இருக்கும். ஓர் இன்னிங்ஸுக்கு 3 அவுட் என்பதால், மூன்றால் வகுத்தால் வரும் 304.67-ஐத்தான் சூத்திரங்களுக்குக் கொடுக்க வேண்டும். 304.2-ஐத் தசமமாக எடுத்தால் ஆயிரக்கணக்கான பிட்சர்களிடம் சின்னச் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

மார்ச் 6

வெற்றுக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல. 1930களில், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் அதிகாரபூர்வக் கணக்கில் ‘காட் ஸ்டீலிங்’ (பந்து அடிபடும் முன்பே அடுத்த தளத்துக்கு ஓடி, அதாவது தளத்தைத் திருட முயன்று, பிடிபடுவது) கிடையாது. பெப்பர் மார்ட்டின் 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் அந்த லீகில் அதிகத் தளங்களைத் திருடியவர். அவருடைய வெற்றுக் கட்டங்கள் 0 ஆனால், பிடிபடவே மாட்டாதவர் என்று ஆட்டம் நம்பிவிடும். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஓடவிடும். மற்றப் பிரிவான அமெரிக்கன் லீக் அதே ஆண்டுகளில் இதை எண்ணி வைத்திருக்கிறது. அந்த லீகின் பிடிபடும் விகிதத்தை எடுத்து நிரப்பினோம்.

மார்ச் 9

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான்: ஓர் எண்ணை அதன் ஆண்டிலிருந்து பிய்த்து எடுக்கக் கூடாது.

கிப்சனின் 1968 இஆர்ஏ (9 இன்னிங்ஸுக்குப் பிட்சர் தன் பொறுப்பில் விட்ட ரன்) 1.12. ஆனால் அந்த ஆண்டு நேஷனல் லீக் முழுவதற்குமே 2.99தான். பிட்சர் நிற்கும் மேடு அப்போது 15 அங்குலம். அடுத்த ஆண்டே 10 அங்குலமாகக் குறைத்தார்கள். இதே கிப்சனை 1930 நேஷனல் லீகில் இறக்கினால்? அங்கே லீகின் பேட்டிங் சராசரி .303, இஆர்ஏ 4.97. விகிதப்படி 1.12-ஐ 2.99-ஆல் வகுத்து 4.97-ஆல் பெருக்கினால் 1.86. அங்கே அந்த 1.86-தான் 1.12-க்குச் சமம். லீகின் மொத்த எண்களை ஆண்டுவாரியாக வைத்து, நடுநிலையாக்கும் (எண்ணை அந்தந்த ஆண்டுக்கேற்பச் சரிக்கட்டும்) வசதியைப் போட்ட பிறகே இந்தக் கணக்கு ஒத்துவரும்.

இன்னொரு சிக்கல், பலரும் தவறவிடுவது. ஆட்டம் இஆர்ஏவைக் கேட்பதில்லை. ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), வாக் (நான்கு தவறான பந்தால் கிடைக்கும் இலவசத் தளம்), ஹோம் ரன் (வேலிக்கு வெளியே அடித்தது), களத்தில் விழும் பந்தில் ஹிட் எனத் துண்டு துண்டாகக் கேட்கும். கிப்சன் சந்தித்த பேட்டர்கள் 1161. அதில் 268 ஸ்ட்ரைக்அவுட், 62 வாக், 11 ஹோம் ரன், உடம்பில் பந்து பட்டவர்கள் 7. மிச்சம் 813 பந்துகள் களத்துக்குப் போயின. அவற்றில் 187 ஹிட். சராசரி .230. முதல் மூன்றும் பெரும்பாலும் அவர் கைவேலை. ஆனால் இந்த .230-ல் அவருக்குப் பின்னால் நின்ற கர்ட் ஃபிளட், டால் மாக்ஸ்வில் ஆகியோருக்கும் பங்கு உண்டு. இருவரும் அந்த ஆண்டு கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டிங் விருது) வாங்கியவர்கள். அவர்களுக்கு உயர்ந்த ஃபீல்டிங் மதிப்பெண்ணும் கொடுத்து, கிப்சனுக்கு .230-ஐயும் முழுசாகக் கொடுத்தால் ஒரே திறமையை இரண்டு தடவை எண்ணியதாகும். இந்த ஓர் எண்ணை மட்டும் லீக் சராசரியை நோக்கிப் பாதி தூரம் இழுத்துவிட்டோம்.

மார்ச் 10

டெட் வில்லியம்ஸ் 1953: கொரியப் போரிலிருந்து திரும்பி 91 அட்-பேட்தான், 37 ஹிட், 13 ஹோம் ரன். ஓர் ஆண்டுக் கணக்கில் ஏற்றினால் 7 அட்-பேட்டுக்கு ஒரு ஹோம் ரன் அடிக்கும் .407 அசுரன் வருவார். 1951, 1954 இரண்டையும் சேர்த்தால் 1008 அட்-பேட், 339 ஹிட், 72 ஹோம் ரன்: .336, 14-க்கு ஒரு ஹோம் ரன். இதுதான் அவர்.

1943 முதல் 1945 வரை போர்ச் சேவையில் இருந்ததால் அவருக்கு வரிசையே இல்லை. வரிசை இல்லாதவர் ஓய்வுபெற்றவர் என்று ஆட்டம் எடுத்துக்கொண்டால் 24 வயதோடு கதை முடிந்துவிடும். தானாக ஓய்வு கொடுப்பதை அந்த மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வையுங்கள். அல்லது 1942, 1946 எண்களின் சராசரியால் நிரப்புங்கள். எது என்று முதலிலேயே தீர்மானித்து, இதேபோல் போர்ச் சேவைக்குப் போன பாப் ஃபெல்லருக்கும் மற்றவர்களுக்கும் அதே விதியைப் பயன்படுத்த வேண்டும்.

மார்ச் 12

பேப் ரூத். பேட்டிங், பிட்சிங் இரண்டு கோப்புகளிலும் இருக்கிறார். 1916-ல் 23 வெற்றி, இஆர்ஏ 1.75, அப்போது அவர் பிட்சர்தான். நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போன பிறகு மொத்தமே 5 ஆட்டங்களில்தான் பந்து வீசினார். 1919 வரை இரண்டு மதிப்பெண்களும், 1920-லிருந்து பேட்டர் மட்டும்.

மார்ச் 14

1968 சீசனை ஆட்டத்தில் 20 தடவை ஓட்டிச் சரிபார்த்தல். முதலில் லீக் மொத்தம், பிறகே தனிநபர். இரண்டு லீகும் சேர்த்து பேட்டிங் சராசரி .237, இஆர்ஏ 2.98 பக்கம் வராவிட்டால் கிப்சனைப் பார்த்துப் பயனில்லை. அமெரிக்கன் லீகின் பேட்டிங் முதல்வர் யாஸ்ட்ரெம்ஸ்கியே .301தான், பத்துப் பேர் .320-ஐத் தாண்டினால் இரண்டு தடவை நடுநிலையாக்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

அடுத்தது நீக்ரோ லீகுகள் (கறுப்பின வீரர்களுக்கான தனி லீகுகள்), 1920 முதல் 1948 வரை. மேஜர் லீக் 2024-ல் இவற்றைத் தன் பதிவேட்டில் சேர்த்தது. அங்கே ஆடிய ஜாஷ் கிப்சனின் வாழ்நாள் பேட்டிங் சராசரி .372 அப்போது முதலிடம் பிடித்தது. அங்கே சீசன்கள் குறுகியவை. வில்லியம்ஸுக்குச் செய்ததுபோல் மூன்றாண்டுத் தொகுப்பு எல்லோருக்கும் வேண்டும். லீக் மொத்தங்களையும் முதலில் தனியாகக் கூட்டி வைக்க வேண்டும்.