வழியனுப்புவதை வீட்டிலேயே முடித்துக்கொண்டோம்

மூன்று வருடத்துக்கு முன்னால் என் அத்தான் கத்தாருக்குக் கிளம்பினார். பாளையங்கோட்டையிலிருந்து வேன் பிடித்துப் பதினோரு பேர் கூடப் போனோம். எந்த விமான நிலையம் என்று சொல்லப்போவதில்லை. எங்கே போயிருந்தாலும் அன்றைக்கு நாங்கள் நடந்துகொண்ட விதத்துக்கு அதே பார்க்கிங் செலவுதான் ஆகியிருக்கும்.

புறப்பாட்டு வாசலில் வேன் நின்றதும் எல்லோரும் இறங்கினோம். சித்தி திருநீறு பூசினாள், பெரியம்மா ஒரு தடவை பூசினாள். அக்கா அத்தானின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் யாரோ பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "இது முப்பது கிலோவுக்கு மேல இருக்கும்ல" என்றார்கள். தரையில் வைத்துத் திறந்தோம். மோர் மிளகாய்ப் பொட்டலம், கூழ் வத்தல், அடியில் பேப்பரில் சுற்றின கருப்பட்டி. பேப்பர் கிழிந்து இரண்டு வட்டு கருப்பட்டி உருண்டு போய் இன்னொரு காரின் சக்கரத்தடியில் நின்றது. காவலர் இரண்டு முறை விசில் அடித்தார். டிரைவர் வண்டியை எடுத்து வெளியே போய், எங்களை ஏற்ற மறுபடி உள்ளே வந்தார். அது இரண்டாவது பார்க்கிங் சீட்டு.

இரண்டு சீட்டுக்கும் சேர்த்து, அதுவும் காருக்கு உள்ள கட்டணம் இல்லை, வேனுக்கு உள்ளது, 380 ரூபாய் ஆனது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அழுத முகத்தைத் துடைக்காமலேயே அக்கா பர்ஸைத் திறந்து அந்த ரூபாயை எண்ணிக் கொடுத்ததை என்னால் மறக்க முடியவில்லை. புருஷனை அனுப்பிவிட்டு நிற்கிறவளிடம் ஒருவர் கணக்குக் கேட்கும் நிலைமை நம் வீட்டில் இன்னொரு முறை வரக்கூடாது என்று நினைத்தேன்.

2025 செப்டம்பரில் அம்மா இங்கிலாந்தில் இருக்கிற தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். வயது 71, தனியாகப் போகிறாள், திருவனந்தபுரத்தில் ஏறி துபாயில் மாறி லண்டன் ஹீத்ரோவில் இறங்க வேண்டும். இந்தத் தடவை முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்தேன்.

கட்டணம் எப்படி ஏறுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வாசலில் இறங்கும்போது நேரம் ஆரம்பிப்பதில்லை. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில் சீட்டு வாங்குகிறோமே, அல்லது கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கிறதே, அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. வெளியேறும் வரிசையில் நமக்கு முன்னால் நாலு வண்டி நின்றால் அந்த நேரமும் நம் கணக்கில்தான். சில நிலையங்களில் முதல் சில நிமிடங்கள் இலவசம். அதைத் தாண்டினால் அரை மணி, ஒரு மணி என்று படிப்படியாக ஏறும். ஒரு நிமிடம் கூடினாலும் அடுத்த படிக்கு உண்டான முழுக் காசையும் கொடுக்க வேண்டும். கார், வேன், மஞ்சள் போர்டு வாடகை வண்டி ஒவ்வொன்றுக்கும் தனி விலை. எத்தனை நிமிடம், எத்தனை ரூபாய் என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும், அடிக்கடியும் மாறும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் சொன்னதை நம்பாமல், கிளம்புகிற வாரம் அந்தந்த நிலையத்தின் இணையதளத்தைப் பாருங்கள். நுழைவில் இருக்கிற பலகையையும் படியுங்கள்.

இன்னொன்றும் எனக்கு உறைத்தது. பெட்டி இறக்க இரண்டு நிமிடம் போதும். அத்தான் போன அன்று மீதி நேரமெல்லாம் அழுகைக்கும் பெட்டி பிரிப்பதற்கும் போனது. அழுவதைக் குறைக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அழுகிற இடத்தை மாற்றலாம்.

பெரியம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு முகம் வாடிவிட்டது. "ஏர்ப்போர்ட்டு வரைக்கும் வராட்டா என்னல மரியாதை? என் தங்கச்சியத் தனியாவா அனுப்புதிய?" என்றாள். உள்ளே டிக்கெட் உள்ளவர்களை மட்டும்தான் விடுவார்கள், வாசலில் நின்று முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாது என்று சொன்னேன். "முந்தின நாளே வந்திருங்க பெரியம்மா. ராத்திரி பூரா அம்மாகிட்டப் பேசிட்டு இருங்க" என்றேன். வந்தாள். அக்கா, சித்தி, பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். பெரியம்மாவும் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து பன்னிரண்டு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் சாமி முன்னால் நிறுத்தி எல்லோரும் திருநீறு பூசினோம். காரில் நான், மனைவி, அம்மா மூன்று பேர் மட்டும் ஏறினோம்.

பெட்டியை முந்தின நாள் மாலையே பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். அனுமதித்த எடைக்கு ஒன்றரை கிலோ கூடுதல். அங்கேயே ஒரு ஊறுகாய்ப் பாட்டிலையும் பித்தளைக் கிண்ணத்தையும் எடுத்தேன். கடைக்கார அண்ணாச்சி காசு வாங்கவில்லை. வளைகுடா போகிற பையன்கள் நிறையப் பேர் இப்படி வருவார்கள் என்றார்.

வாடகைக் கார் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "பேட்டா, டோல், பார்க்கிங், கேரளா பெர்மிட் தனி" என்று டிரைவர் சொல்லும்போது எல்லோரும் பெர்மிட்டைப் பற்றித்தான் கேட்போம், பார்க்கிங்கை விட்டுவிடுவோம். இறக்கிவிட்டதும் வண்டியை வெளியே கொண்டுபோய் நிறுத்துங்கள் என்று ஏறும்போதே பேசிவிடுங்கள். பேசாவிட்டால் அவர் அசதியில் உள்ளே நிறுத்தித் தூங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ராத்திரி முழுக்க ஓட்டியவர் எங்காவது கண்ணை மூடத்தானே வேண்டும்?

சொந்தக் கார் என்றால் பார்க்கிங்கைவிட டோலில்தான் மிச்சம் அதிகம். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் வருடப் பாஸ் வந்திருக்கிறது. அந்த வருடம் அதன் விலை 3,000 ரூபாய். கட்டினால் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளை ஒரு வருடத்துக்குள் 200 முறை கடக்கலாம். நாங்குநேரி, திருப்பதிசாரம் என்று போக வரக் கட்டிக்கொண்டே இருக்கிற எங்களுக்கு அது நன்றாகவே உதவியது. மஞ்சள் போர்டு வண்டிக்கு அந்தப் பாஸ் கிடையாது.

முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்போது அம்மா தூங்கிவிட்டாள். மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் வழக்கம்போல் நெரிசல். திருவனந்தபுரத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பன்னாட்டு முனையம் சாக்கை பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் கடற்கரைப் பக்கம். நடுவில் ஓடுதளம். தப்பான பக்கம் உள்ளே போனால் சுற்றிக்கொண்டு வர வேண்டும், சீட்டும் இரண்டாகும். அப்புறம் வருடத்தில் இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்துதான் கடலுக்குப் போகும். அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுவார்கள். அந்தத் தேதிகளில் யாரையாவது அழைக்கப் போவதாக இருந்தால் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலையத்துக்குள் நுழைவதற்கு முன் பைபாஸ் ரோட்டில், வண்டி நிறுத்த இடமுள்ள ஒரு ஹோட்டலில் இறங்கினோம். இந்த நிறுத்தம்தான் முக்கியம். அம்மா முகம் கழுவினாள், டீ குடித்தாள். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பெட்டியிலிருந்து எடுத்துத் தோள்பையின் முன் அறையில் வைத்தோம். டிக்கியில் பெரிய பெட்டி முதலில் கைக்கு வரும்படி மாற்றி வைத்தேன். என் மனைவி அங்கேயே அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அம்மா என் தலையில் கை வைத்து, "போயிட்டு வாரேன் ஐயா" என்றாள்.

உள்ளே நுழைந்தோம், வாசலில் நின்றோம், பெட்டியை இறக்கினேன். அம்மாவோடு மனைவியும் இறங்கிக்கொண்டாள். நான் உடனே வண்டியை எடுத்து வெளியே வந்துவிட்டேன். சீட்டு வாங்கி வெளியேற மொத்தம் ஆறு நிமிடம். மூன்று வருடத்துக்கு முன் எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான். நிற்கிற வண்டிக்குத்தான் கட்டணம், வாசலில் நிற்கிற ஆளுக்குக் கிடையாது. மனைவி அவசரமே இல்லாமல் அங்கே நின்றாள். டிக்கெட் போடும்போதே கேட்டு வைத்திருந்த வீல்சேர் வந்தது, அம்மா உட்கார்ந்தாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க் கையை ஆட்டினாள். பெட்டி போட்டாயிற்று என்று அம்மாவிடமிருந்து போன் வந்த பிறகு மனைவி ஆட்டோ பிடித்து ஹோட்டலுக்கு வந்தாள்.

ஹீத்ரோவில் தம்பிக்கு இதே கணக்கு வேறு மாதிரி. அங்கே முனைய வாசலில் இறக்கிவிடவே காசு. 2021 நவம்பரில் 5 பவுண்டில் ஆரம்பித்தார்கள், 2025-இல் அது 6 பவுண்டாக இருந்தது. நம் ஊர்க் கணக்கில் 700 ரூபாய் பக்கம். இரண்டு நிமிடம் நின்றாலும் அதுதான். தடுப்புக்கட்டை கிடையாது, கூண்டில் ஆள் கிடையாது, கேமரா வண்டி நம்பரைப் படித்துக்கொள்ளும். மறுநாள் நள்ளிரவுக்குள் நாமாக இணையத்திலோ போனிலோ கட்ட வேண்டும். மறந்தால் 80 பவுண்ட் அபராதம் கேட்டுக் கடிதம் வரும், 14 நாளில் கட்டினால் பாதி. "கேட்ல யாரும் கேக்க மாட்டாவ அண்ணே, அதான் மறந்துரும்" என்றான் தம்பி. அதற்காகவே அவன் வண்டியை நிறுத்துவதற்கு முன்னாலேயே போனில் அலாரம் வைத்துவிடுவான்.

காசே இல்லாத வழியும் அங்கே இருக்கிறது. நீண்டநாள் நிறுத்தும் பார்க்கிங்கில் போய் இறக்கிவிட்டால் கட்டணம் இல்லை. அங்கிருந்து முனையத்துக்கு இலவசப் பஸ் ஓடுகிறது. தம்பி தனியாகப் பயணம் போனால் அப்படித்தான் போவான். அழைத்து வருவதற்கு அந்த வாசலில் வண்டி நிறுத்தவே அனுமதி இல்லை, குறுகிய நேரப் பார்க்கிங்குக்குத்தான் போக வேண்டும். அம்மா வந்த அன்று அவன் காசு கட்டி அங்கேயே நிறுத்தினான். டிசம்பரில் திருப்பி அனுப்பும்போதும் 6 பவுண்ட் கட்டி வாசலிலேயே இறக்கினான். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். மூட்டு வலிக்காரியை டிசம்பர் குளிரில் பெட்டியோடு பஸ் ஏற்றி மிச்சம் பிடிக்கிற 700 ரூபாய் நமக்கு வேண்டாம். அங்கே வீல்சேர் உதவிக்குத் தனியாகக் காசு கிடையாது என்பதால் உள்ளே அவளுக்குச் சிரமம் இல்லை.

நம் ஊரில் அழைக்கப் போவதில் வேறு சிக்கல். விமானம் தரை இறங்கியது என்று திரையில் பார்த்ததும் நாம் வண்டியை உள்ளே விட்டுவிடுகிறோம். குடியேற்ற வரிசை, பெட்டி வரும் பெல்ட், சுங்கம் எல்லாம் முடித்து ஆள் வெளியே வர ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரமும் பார்க்கிங் கணக்கில் ஏறும். இதற்கு அம்மாவின் போன் வேலை செய்ய வேண்டும். மூன்று மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சிம் ஊமையாகிவிடும். நிலையத்து இலவச வைஃபை வாங்கவும் ஓடிபி வர வேண்டும், அதுவும் அந்தச் சிம்முக்குத்தான் வரும். அதனால் அவள் கிளம்புவதற்கு முந்தின நாளே இங்கிருந்து ரீசார்ஜ் செய்துவிட்டேன். "பெட்டி கையில வந்த பிறகு மட்டும் போன் போடுங்க. அதுக்கு முன்னால போட வேண்டாம்" என்று இரண்டு தடவை சொல்லி வைத்தேன்.

விமானம் எங்கே வருகிறது என்பதை ஃபிளைட்ரேடார்24 செயலியில் பார்த்துக்கொண்டு அதே ஹோட்டலில் உட்கார்ந்திருந்தேன். தரை இறங்கி ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. இரண்டு ஆப்பமும் ஒரு கட்டன்சாயாவும் அதற்குள் முடிந்திருந்தன. பைபாஸ் ஓரத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பதை நான் விரும்புவதில்லை. லாரிகள் வேகமாக வரும் இடம், போலீஸ் அபராதமும் போடலாம். ஹோட்டலில் சாப்பிட்டோம் என்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

சென்னையில் இறங்குகிறவர்களை அழைக்கப் போனால் காரே தேவையில்லை. போன கோடையில் அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தான். நான் நெல்லை எக்ஸ்பிரஸில் போய்த் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனேன். டிக்கெட் 5 ரூபாய். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விமான நிலையம். 2016 முதல் மெட்ரோவும் நிலையத்துக்கே வருகிறது. அவன் ஒரு பெட்டியோடு வந்ததால் திரும்பும்போதும் ரயில்தான். நாலு பெட்டி, கைக்குழந்தை என்றால் இதை நான் சொல்ல மாட்டேன்.

அம்மாவின் போன் வந்தது. "ஐயா, பெட்டி வந்துட்டு. தூண் பக்கத்துல நிக்கேன்." எண் என்ன என்று கேட்டேன், தூணில் எழுதியிருந்ததைப் பார்த்துச் சொன்னாள். அந்த எண்ணுக்கே நேராகப் போய் நிறுத்தினேன். மெலிந்திருந்தாள். கம்பளிச் சட்டையைக் கழற்றாமலேயே முன் சீட்டில் ஏறினாள். களியக்காவிளை தாண்டிய பிறகுதான், பெரியம்மாவுக்கு ஒரு போன் போட்டுத் தரச் சொன்னாள்.