கொள்ளுப்பிட்டியின் முதல் எழுத்தும் ரஸ்ட் மொழியின் இரவல் விதிகளும்

செய்ய நினைத்த நிரல் சிறியது. கொழும்பின் ஊர்ப்பெயர்களைத் தமிழில் தட்டெழுதிச் சேர்த்த கோப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. கோட்டையிலிருந்து கல்கிசை வரை கரையோர ரயில் நிற்கும் இடங்கள், வடக்கே கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், உள்ளே பொரளை, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை என்று வரிக்கு ஒரு பெயர். அவற்றை முதலெழுத்து வாரியாகப் பிரித்து, நூலின் கடைசிப் பக்கங்களில் வரும் பெயரகராதி வடிவில் அச்சிட வேண்டும். அலுவலகத்தில் ஜாவா எழுதுகிறேன். வெள்ளவத்தைக்குத் திரும்பிய பின் கிடைக்கும் மாலை நேரம் ரஸ்ட் என்ற நிரல் மொழிக்கு.

கிரேடன் ஹோர் 2006-இல் சொந்த முயற்சியாகத் தொடங்கி, மொஸில்லாவின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே மாதம் 1.0 பதிப்பாக வெளிவந்த மொழி இது. சி, சி++ ஆட்சி செய்யும் இடத்தில் வேலை செய்யப் பிறந்தது. பயன்படாத நினைவகத்தைத் தானே தேடி விடுவிக்கும் குப்பை சேகரிப்பி கிடையாது. ஆனாலும், அன்சேஃப் என்று நாமே குறிக்காத வரை, விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும் நிரலைக் கம்பைலர், அதாவது நிரலைத் தொகுக்கும் கருவி, ஏற்றுக்கொள்வதில்லை. அந்த மறுப்பு எந்த இடத்தில், ஏன் வருகிறது என்பதை என் கையால் எழுதிப் புரிந்துகொள்ள விரும்பினேன்.

முதல் மறுப்பு, முதல் எழுத்தைக் கேட்டவுடனேயே வந்தது. ஒரு ஸ்ட்ரிங்கின், அதாவது உரையின், பூச்சியமாவது உறுப்பைச் சதுர அடைப்புக்குறி போட்டுக் கேட்டால் நிரல் தொகுபடாது. ரஸ்ட் உரையை யூடிஎஃப்-8 என்ற குறிமுறையில் பைட்டுகளாக வைத்திருக்கிறது. தமிழ் யூனிகோட் தொகுதியின் குறியீடு ஒவ்வொன்றும் அதில் 3 பைட் பிடிக்கும். கொள்ளுப்பிட்டியை எண்ணிப் பாருங்கள்: நமக்கு 7 எழுத்து, யூனிகோடுக்கு 14 குறியீடு, நினைவகத்தில் 42 பைட். பூச்சியமாவது என்றால் இந்த மூன்றில் எதன் பூச்சியம்? மொழி ஊகிக்க மறுக்கிறது. இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. பைட் எல்லை கொடுத்துத் துண்டு வெட்டலாம். ஆனால் 0 முதல் 1 வரை என்று வெட்டினால் ஓடும் நிரல் நின்றுவிடும், ‘க’ என்ற குறியீட்டின் நடுவே கத்தி விழுந்தது என்ற பொருள்படும் செய்தியோடு. இது தொகுக்கும்போது பிடிபடாத வகை. ஆகவே வெட்டும் இடத்தை, ஒவ்வொரு குறியீடும் தொடங்கும் பைட் எண்ணைச் சொல்லும் சார்-இண்டிசஸ் முறையிலிருந்தே எடுக்கிறேன்.

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் மருமகன் அருகில் இருந்து பார்த்துவிட்டு, “மாமா, பைதனில் இது ஒரே வரியாயிற்றே?” என்று கேட்டான். எழுதிக் காட்டச் சொன்னேன். பைதன் ‘க’ என்று பதில் சொன்னது. ‘கொ’ வரவில்லை. குறியீட்டைத்தான் அது எண்ணுகிறது. ஒரு யூனிகோட் குறியீட்டைக் கொள்ளும் ரஸ்டின் சார் வகையும் அதே ‘க’வைத்தான் தரும், கல்கிசை, கிருலப்பனை, கோட்டை, கொழும்பு எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் சேர்ந்துவிடும். எனக்குக் க, கி, கொ, கோ தனித்தனியே வேண்டும்.

ஆங்கிலப் பெயர்களுக்கு இதே நிரலை எழுதுகிறவர் சார் வகையையே திறவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அது 4 பைட், நகலெடுத்தால் முடிந்தது, நினைவகம் யாருக்கு உரிமை, யார் அதை இரவலாகப் பார்க்கிறார் என்ற பேச்சே எழாது. தமிழ் எழுத்து பெரும்பாலும் ஒரு மெய்க் குறியீடும் அதைத் தொடரும் உயிர்க்குறியும் சேர்ந்தது. அதனால் அது உரையின் ஒரு துண்டு. வேறொருவருக்குச் சொந்தமான நினைவகத்தைச் சுட்டும் இரவல். பயிற்சி நூல்கள் பல அத்தியாயங்கள் கழித்துச் சொல்லும் ஆயுட்காலம் (லைஃப்டைம்), அதாவது ஓர் இரவல் எவ்வளவு காலம் செல்லும் என்ற கணக்கு, தமிழில் நிரல் எழுதுகிறவரின் வாசலுக்கு முதல் நாளே வந்துவிடுகிறது. தொடக்கக்காரருக்கு இது பாரம் என்று சொல்வார்கள். எனக்கு இது பேறாகவே பட்டது.

முதலெழுத்தைப் பிரிக்கும் சார்பு (ஃபங்ஷன்) ஒரு துண்டை வாங்கி ஒரு துண்டைத் தருகிறது. அதில் ஆயுட்காலம் எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. உள்ளே வரும் இரவல் ஒன்றே என்றால் வெளியே போவதும் அதிலிருந்தே போகிறது என்று கம்பைலர் நிரப்பிக்கொள்கிறது. சில வரிகளில் ‘கொழும்பு 06 வெள்ளவத்தை’ என்று அஞ்சல் எண்ணும் இருந்ததால், நீக்கவேண்டிய முன்னொட்டையும் இரண்டாவது இரவலாகக் கொடுத்தேன். உடனே கம்பைலரிடமிருந்து ஈ0106 என்ற எண்ணுடன் பிழை: திரும்பும் இரவல் இந்த இரண்டில் எதிலிருந்து வந்தது என்று சொல்லவில்லையே என்ற கேள்வி. வரிக்கும் விடைக்கும் ஒரே ஆயுள் பெயரைச் சூட்டி, முன்னொட்டுக்கு மட்டும் அதைச் சூட்டாமல் விட்டுவிட்டேன். இங்கே ஒன்று தெளிவாயிற்று. ஆயுட்காலக் குறி எதன் ஆயுளையும் நீட்டுவதில்லை. எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதை மட்டும் அறிவிக்கிறது. முன்னொட்டு அழிந்தாலும் விடை வாழும் என்று அழைப்பவருக்கு நான் கொடுக்கும் வாக்கு அது.

அடுத்தது கோப்பை வாசிப்பது. ஒரே ஸ்ட்ரிங்கை வரிக்கு வரி வெறுமையாக்கி, அதிலேயே அடுத்த வரியை வாசிக்கும் வழக்கமான சுற்றை எழுதி, ஒவ்வொரு வரியின் முதலெழுத்தையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். ஈ0502. பட்டியல் இன்னும் அந்த உரையை இரவலாக வைத்திருக்க, நான் அதை மாற்றப் பார்க்கிறேன். படிக்க மட்டும் இரவல் வாங்கியவர்கள் எத்தனை பேரும் இருக்கலாம். மாற்றும் அனுமதியோடு வாங்கியவர் இருக்கும்போது வேறு யாரும் இருக்கக் கூடாது. விதி இவ்வளவுதான். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் அட்டையைப் பார்த்து நூலைத் தேடிப் போகும்போது, அந்த அட்டை செல்லுபடியாக இருக்கும் வரை அலுமாரியை யாரும் கலைத்து அடுக்கக் கூடாது அல்லவா? அதையேதான் கம்பைலர் கேட்கிறது.

இதே சுற்றைச் சியிலும் எழுதிப் பார்த்தேன், வேறுபாட்டைக் கண்ணால் காண்பதற்காக. வரி வாசிக்கும் சார்பான எஃப்கெட்ஸ் ஒரே இடைநினைவகத்தில் வாசிக்கிறது; அதன் முகவரி பட்டியலில் ஏறுகிறது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தொகுபட்டது. அச்சிட்டால் எல்லா வரியிலும் கிருலப்பனை. கோப்பின் கடைசிப் பெயர் அது. பெரிய நிரலொன்றில் இத்தகைய தவறு எத்தனை நாள் ஒளிந்திருக்கும் என்று நினைத்தால், ரஸ்டின் கண்டிப்பு மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

வரியை அச்சிட்டு முடித்து, பட்டியலில் வைக்காமல் வெறுமையாக்கினால் கம்பைலர் தடுப்பதில்லை. இரவல் கடைசியாகப் பயன்பட்ட இடத்தோடு முடிந்துவிடுகிறது. 2018 பதிப்புக்கு முன் அது அடைப்புக்குறி மூடும் வரை நீடித்தது. பழைய விளக்கங்களைப் படிக்கிறவர்கள் இந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அவை தடை என்று சொல்லும் சில நிரல்கள் இன்று சரியாகவே தொகுபடும்.

ஆகவே கோப்பு முழுவதையும் ஒரே ஸ்ட்ரிங்காக வாசித்தேன். வாசிப்பதையும் பட்டியல் ஆக்குவதையும் ஒரே சார்பில் வைத்துப் பட்டியலைத் திருப்பி அனுப்ப முடியாது: சார்பு முடியும்போது உரை அழியும், பட்டியல் அதைச் சுட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஈ0515. உரையையும் பட்டியலையும் ஒரே ஸ்ட்ரக்டில் (பல தரவுகளைச் சேர்த்து வைக்கும் வகை) வைக்கும் வழியும் பாதுகாப்பான ரஸ்டில் கிடையாது. ஸ்ட்ரிங்கை இடம் மாற்றினாலும் அதன் எழுத்துகள் ஹீப் என்ற நினைவகப் பகுதியில் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது நமக்குத் தெரியும். இரவல் விதி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. உரிமையாளரை நகர்த்தினால் இரவல் செல்லாது. உரை, நிரல் தொடங்கும் சார்பான மெயினில்; பட்டியல் அதற்குக் கீழே. இப்படி வைத்ததும் எல்லாம் அமைதியாயிற்று.

அச்சிட்டபோது ‘கொ’ என்ற தலைப்பு இரண்டு முறை வந்தது. ஒன்றின் கீழ் கொழும்பும் கொட்டாஞ்சேனையும். மற்றதன் கீழ் கொள்ளுப்பிட்டி. திரையில் இரண்டும் ஒன்றே. கொகரத்தின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோட் விதி; ஆனால் ரஸ்ட் பைட்டுகளையே ஒப்பிடுகிறது. சுவையான செய்தி: 1.53 பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அந்தப் பெயர்களைக் கம்பைலர் சீராக்கியே, அதாவது ஒரே வடிவுக்கு மாற்றியே, ஒப்பிடுகிறது. எப்படித் தட்டெழுதினாலும் ‘கொத்து’ ஒரே மாறிதான். நம் தரவுக்கு அந்தச் சலுகை இல்லை.

சீராக்கும் சார்பு எதைத் திருப்பித் தரவேண்டும்? பெரும்பாலான வரிகளில் மாற்ற ஒன்றுமில்லை, இரவலே போதும். சிலவற்றில் புதிய ஸ்ட்ரிங் தேவை. இந்த இரண்டையும் ஒரே வகையில் அடக்குவது கவ் என்ற வகை. ஒவ்வொரு பெயருக்கும் கவ் வைத்து, அதிலிருந்து முதலெழுத்தை வெட்டிப் பட்டியலில் போட்டபோது, கவ் போதிய காலம் வாழவில்லை என்ற ஈ0597 வந்தது. உள்ளே இருப்பது வெறும் இரவல்தான் என்ற நிலையிலும் வந்தது. கவ் வழியாக உரையைத் தொட்டால் கிடைக்கும் துண்டின் ஆயுள் கவ்வின் ஆயுள். மூல உரையின் நீண்ட ஆயுள் வேண்டுமென்றால், எந்த நிலை என்று பார்த்துப் பிரிக்கும் மேட்ச் போட்டு உள்ளே இருக்கும் இரவலையே வெளியே எடுக்கவேண்டும். எடுத்தேன், வேலை செய்தது. பிறகு அதை நீக்கிவிட்டு, கோப்பு முழுவதையும் தொடக்கத்திலேயே ஒருமுறை சீராக்கி ஒரே கவ்வாக மெயினில் வைத்துக்கொண்டேன். கீழே உள்ள எல்லாச் சார்புகளும் எளிய துண்டுகளுக்குத் திரும்பின. நுட்பம் தெரிந்த பின் அதைத் தவிர்க்கும் இடமும் தெரிகிறது. (கௌ என்பதைக் கெ, ள என்று தட்டெழுதும் பழக்கத்துக்கு இந்தச் சீராக்கம் மருந்தாகாது; யூனிகோடுக்கு அவை வேறு வேறு.)

இப்போது வரிசை. திறவுகோல்களை வரிசையாக வைக்கும் பிட்ரீமேப் என்ற தொகுப்பு பைட் அடுக்கில் வரிசைப்படுத்துவதால் கொள்ளுப்பிட்டிக்குப் பின்னால் கொழும்பு வந்தது. யூனிகோடில் ள முந்தியது, ழ பிந்தியது. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. உரைத் துண்டுக்கான ஒப்பீட்டு விதி நூலகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, அதை நாம் மாற்றி எழுத முடியாது. துண்டைச் சொந்த ஸ்ட்ரக்ட் ஒன்றில் பொதிந்து, அந்த ஸ்ட்ரக்டுக்கு 18 மெய்களின் அட்டவணையைக் கொண்டு ஆர்ட் என்ற ஒப்பீட்டு விதியை எழுதினேன். நாரஹேன்பிட்டியின் ஹகரம் போன்றவை அட்டவணையின் முடிவில். கொழும்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது.

புள்ளி மட்டும் பாக்கி. அகராதி முறையில் மெய் அகரமேறிய எழுத்துக்கு முந்தியது. யூனிகோடில் புள்ளி உயிர்க்குறிகளுக்கும் பின்னால் கிடக்கிறது. குறியீடு குறியீடாக ஒப்பிடுவதை விட்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட, முதலெழுத்துச் சார்பை மீண்டும் மீண்டும் அழைத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தரும் இட்டரேட்டர் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் நெக்ஸ்ட் முறை தரும் துண்டின் ஆயுளை மூல உரையோடு கட்டவேண்டும், இட்டரேட்டரோடு கட்டக் கூடாது. அப்படிக் கட்டினால்தான் எல்லா எழுத்துகளையும் ஒரு வெக்கில் (பட்டியலில்) சேர்த்து வைத்து ஒப்பிட முடியும்.