புள்ளிக்குப் பின்னால் ஓடும் க்வெரிகள்

மார்ச் 4, 2025, செவ்வாய்

நூலகத்தின் 'புதிய வரவுகள்' பக்கம் திறக்க நேரமாகிறது என்று புகார். பைத்தான் மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் எழுதியது, பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். க்வெரிகளை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை, எண்ணிக் காட்டும் டீபக் டூல்பாரைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் 50 புத்தகம், ஓடிய க்வெரி 101. புத்தகங்களை எடுக்க ஒன்று. அப்புறம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிப்பகத்துக்காக ஒன்று, ஆசிரியர்களுக்காக ஒன்று. டேபிள் வரிசைகளை நிரலுக்குள் ஆப்ஜெக்டாகத் தருவது ஓஆர்எம். எல்லா ஓஆர்எம்மிலும் தலைகாட்டும் 'என் பிளஸ் ஒன்' சிக்கல்தான்.

"அண்ணா, டெம்ப்ளேட்ல க்வெரியே எழுதலையே?" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. எழுதவில்லை, உண்மைதான். பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் அந்த டெம்ப்ளேட்டில், லூப்புக்குள் புத்தகம், ஒரு புள்ளி, பதிப்பகம், ஒரு புள்ளி, பெயர், அவ்வளவே இருக்கிறது. அந்த முதல் புள்ளியில்தான் ஓஆர்எம் டேட்டாபேஸுக்குப் போய் வருகிறது. உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று கடைக்குப் போவது மாதிரி. ஒரு நடை மில்லிசெகண்டில் முடிந்துவிடும். பத்துப் புத்தகத்தை வைத்துச் சோதிக்கிறவர் கண்ணில் இது படவே படாது.

மார்ச் 5, புதன்

பதிப்பகம் ஃபாரின் கீ, அதாவது இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் ஃபீல்டு. ஒரு புத்தகத்துக்கு ஒன்றுதான், அதனால் செலக்ட் ரிலேட்டட் போதும். ஜாயின் போட்டு, அதாவது இரண்டு டேபிளையும் இணைத்து, ஒரே க்வெரியில் கொண்டுவந்துவிடுகிறது. பழைய புத்தகங்கள் பலவற்றுக்குப் பதிப்பகம் பதிவாகவில்லை. நல் (காலி) அனுமதித்த ஃபீல்டு என்பதால், பதிப்பகம் இல்லாத புத்தகமும் விடுபடாதபடி ஜாங்கோ தானாகவே லெஃப்ட் அவுட்டர் ஜாயின் போட்டிருக்கிறது. ஜாங்கோ டேட்டாபேஸுக்கு எழுதிய எஸ்க்யூஎல்லை எடுத்துப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

ஆசிரியர் மெனி டு மெனி: ஒரு புத்தகத்துக்குப் பல ஆசிரியர், ஒரு ஆசிரியருக்குப் பல புத்தகம். அதை ஜாயினில் இழுத்தால் மூன்று ஆசிரியர் உள்ள புத்தகம் மூன்று வரிசையாக வரும். இதற்கு ப்ரீஃபெட்ச் ரிலேட்டட். 50 ஐடியையும் சேர்த்து இரண்டாவதாக ஒரே ஒரு க்வெரி, பொருத்தும் வேலை பைத்தானில். 101 இரண்டாகிவிட்டது.

அடுத்தது, யாரிடமாவது புத்தகம் போயிருக்கிறதா என்று காட்டும் இடம். கடன் பதிவுகளையும் ப்ரீஃபெட்ச் செய்துவிட்டு, லூப்புக்குள் 'திருப்பிய தேதி காலி' என்று ஃபில்டர் போட்டால், முன்பே எடுத்து வைத்தது வீண். ஃபில்டர் என்றாலே ஜாங்கோவுக்குப் புது க்வெரி, மறுபடி 50 நடை. ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்டுக்குள்ளேயே அந்த ஃபில்டரை வைத்து, டு ஆட்டர் கொடுத்துத் தனிப் பெயரில் லிஸ்டாக வாங்கிக்கொள்வதுதான் சரி. இப்போது மூன்று க்வெரி. இந்த ஒரு விஷயத்தை ஓஆர்எம் பாடங்களில் முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

அறிக்கைப் பக்கம். ஆசிரியர் எண்ணிக்கை, கடன் எண்ணிக்கை இரண்டையும், ஒவ்வொரு வரிசையோடும் கணக்கைச் சேர்த்துத் தரும் அனொட்டேட் ஒன்றிலேயே கேட்டால் 2 ஆசிரியரும் 3 கடனும் உள்ள புத்தகத்துக்கு இரண்டுமே 6 என்று வரும். இரண்டு ஜாயின் பெருக்கிக்கொள்கின்றன. கவுண்டில் டிஸ்டிங்க்ட் போட்டால், ஒன்றை ஒரு முறைதான் எண்ணும், தீரும்.

மார்ச் 10, திங்கள்

நூலகர் அம்மா போன் செய்தார். "தம்பி, ஊர் மாத்திப் போனவங்க பேரையெல்லாம் எடுத்துடலாமா?" எடுக்கலாம். ஆனால் கடன் மாடலில் (கடன் டேபிளின் பைத்தான் வடிவம்) உறுப்பினருக்கு கேஸ்கேட் இருக்கிறது. ஒருவரை நீக்கினால் அவர் எடுத்த புத்தகங்களின் வரலாறும் சேர்ந்து போய்விடும். ஜாங்கோ 2.0 (2017) முதல், நீக்கும்போது என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் ஆன் டிலீட்டை நாமே எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கு முன் எதுவும் எழுதாவிட்டால் கேஸ்கேட். கட்டாயமாக்கியது நல்ல முடிவு. ஆனாலும் யோசிக்காமல் கேஸ்கேட் என்று தட்டிவிட்டுப் போகும் பழக்கம் பலரிடம் இருக்கிறது.

செட் நல் ஆக மாற்றினேன்: உறுப்பினரை நீக்கினாலும் கடன் பதிவு இருக்கும், அவர் இடம் மட்டும் காலியாகும். விலகியவர் என்ன படித்தார் என்பது அவர் பெயரோடு நூலகத்தில் கிடக்கக் கூடாது, ஒரு புத்தகம் எத்தனை முறை வெளியே போனது என்ற கணக்கோ அழியக் கூடாது. ஆனால் புத்தகத்தைத் திருப்பாதவரை நீக்கிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அதற்கு ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட்: திருப்பிய தேதி காலியாக இருந்தால் உறுப்பினர் காலியாக இருக்கக் கூடாது. இதை டேட்டாபேஸிலேயே வைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் மாடல்களில் இருக்கும் செட் நல், கேஸ்கேட் எல்லாம் பைத்தானுக்குள் நடப்பவை. போஸ்ட்கிரெஸுக்குத் தெரிந்தது வெறும் ஃபாரின் கீ மட்டுமே. நாளை யாராவது நேரடியாக எஸ்க்யூஎல்லில் கைவைத்தாலும் இந்த விதி நிற்கும்.

மார்ச் 11, செவ்வாய்

புதிய வரவுகள் பக்கத்துக்கு க்வெரி எண்ணிக்கையைச் சரிபார்க்கும் அசர்ட் நம் க்வெரிஸ் வைத்து டெஸ்ட் எழுதினேன்: மூன்று, அதற்கு மேல் ஒன்றுகூட ஓடக் கூடாது. மற்ற இடங்களில் இதைத் தடுக்கும் வசதியே உண்டு. ரூபி மொழியின் ரெயில்ஸில் 6.1 முதல் ஸ்ட்ரிக்ட் லோடிங் இருக்கிறது. பைத்தானின் இன்னொரு ஓஆர்எம்மான எஸ்க்யூஎல் ஆல்கெமியில் லேஸியை ரெய்ஸ் என்று வைத்தால், முன்பே எடுக்காத உறவைத் தொட்டதும் எரர் வரும். எனக்கு அந்த வழிதான் அதிகம் பிடிக்கும்.

மதியம் தம்பி மொழிபெயர்ப்பாளர் பெயரை டெம்ப்ளேட்டில் சேர்த்தான். டெஸ்ட் விழுந்தது. என்னைக் கேட்காமலே செலக்ட் ரிலேட்டட்டில் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்து ஓட்டினான். மறுபடி மூன்று.