பெர்சி பட்டங்கள்: 1750-ஐத் தாண்டியாயிற்று

ஒருவழியாக 1750 முடிந்தது. இங்கிலாந்தின் நார்தம்பர்லாண்ட் பெர்சி பிரபுக் குடும்பத்தின் பரம்பரைப் பட்டங்களுக்கு நான் வரைந்துவரும் படத்தில் என்னை நகரவே விடாமல் பிடித்து வைத்திருந்தது இந்த ஒரு வருஷம்தான். நிறம் காய்ந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நான்கு கோடுகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தத்தம் திசையில் போகின்றன. முழுப் படமும் முடிய இன்னும் காலம் பிடிக்கும். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வழக்கமான வம்சாவளி மரம் பெர்சிகளுக்கு ஒத்துவராது. இந்தக் குடும்பத்தில் ரத்தம் ஒரு பக்கம் போகும், பட்டம் இன்னொரு பக்கம் போகும், சொத்து மூன்றாவது பக்கம் போகும். அதனால் என் படத்தில் பட்டங்கள்தான் கோடுகள். ஆட்கள் அந்தக் கோட்டின் மேல் வந்துபோகும் புள்ளிகள். ஓர் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர். 1299-ல் ஹென்றி பெர்சி பாரனாக நாடாளுமன்றத்துக்கு அழைக்கப்பட்டதில் தொடங்கி இன்றுவரை வந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நீளம்.

இடைக்காலம் சுலபமாகவே போனது. 1377-ல் ஏர்ல் பட்டம் (பாரனுக்கு மேல், டியூக்குக்குக் கீழ்). பெர்சி சிங்கத்தின் நீலத்தையே அதற்கு வைத்தேன். அந்த முதல் ஏர்லின் மகன் ஹாட்ஸ்பர் 1403-ல் ஷ்ரூஸ்பரி போரில் செத்தார், தகப்பன் 1408-ல் பிராம்ஹம் மூரில். பறிமுதலானால் கோடு அறுபடும், ராஜா திருப்பிக் கொடுத்தால் அதே நிறத்தில் மறுபடி தொடங்கும், அவ்வளவுதான். 1461-ல் டவுட்டன் போருக்குப் பிறகு பறிபோன பட்டம் 1464 முதல் 1470 வரை ஜான் நெவில் கையில் இருந்தது. அந்த இடம் சாம்பல் நிறம். 1537-ல் ஆறாவது ஏர்ல் பிள்ளையில்லாமல் இறந்தார். தம்பி தாமஸை அதே வருஷம் எட்டாம் ஹென்றி தூக்கிலிட்டார். பிறகு இருபது வருஷம் வெற்றிடம். நடுவில் ஜான் டட்லி நார்தம்பர்லாண்ட் டியூக் ஆகி 1553-ல் தலையை இழந்தார். அது வேறு குடும்பம், வேறு வரிசை, பெர்சி கோட்டைத் தொடவே தொடாது. 1557-ல் மேரி அரசி அந்தத் தாமஸின் மகனுக்குப் பட்டம் கொடுத்தார். எண்ணிக்கை 'ஏழாவது ஏர்ல்' என்று தொடர்ந்தாலும் சாசனம், அதாவது பட்டம் கொடுக்கும் அரச ஆணை, புதிது என்பதால் வெளிர்நீலம். 1572-ல் யார்க்கில் அவர் தலையும் போனது. ஆனால் சாசனத்தில் தம்பியின் பெயரும் இருந்ததால் கோடு அறுபடவில்லை. இந்த மாதிரி நுணுக்கம்தான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பிடித்த விஷயமே.

சிக்கல் 1670-ல் ஆரம்பிக்கிறது. பதினொன்றாவது ஏர்ல் ஜாஸ்லின் டூரின் நகரில் இறந்தார். மிஞ்சியது எலிசபெத் என்ற ஒரே மகள், சின்னக் குழந்தை. 1557 சாசனம் ஆண் வாரிசுக்கு மட்டும். கோடு முடிந்தது. டப்ளினில் பெட்டி செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் பெர்சி என்பவர் நானே அடுத்த ஏர்ல் என்று வருஷக்கணக்காக வழக்காடினார். 1689-ல் பிரபுக்கள் சபை அவரைப் பொய் உரிமைகோரி என்று தீர்த்து, அதைக் காகிதத்தில் எழுதி மார்பில் மாட்டிக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் சுற்றிவர உத்தரவிட்டது. கோடு இல்லாத மனிதர்தான், இருந்தாலும் ஓரத்தில் அவருக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறேன்.

எலிசபெத்துக்கு 16 வயது நிறைவதற்குள் மூன்று கல்யாணம். முதல் கணவர் சீக்கிரமே இறந்தார், இரண்டாமவர் 1682-ல் லண்டன் பால் மால் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார், மூன்றாமவர் சாமர்செட்டின் ஆறாவது டியூக் சார்லஸ் சீமூர். எலிசபெத் 1722 நவம்பரில் இறந்ததும், தாய் வழியில் 1299-ன் பழைய பெர்சி பாரன் பட்டம் வந்துவிட்டது என்று எண்ணி மகன் ஆல்ஜெர்னனைப் பிரபுக்கள் சபைக்கு அழைத்துவிட்டார்கள். உண்மையில் அந்தப் பழைய பட்டம் பறிமுதல்களோடு எப்போதோ போயிருந்தது. ஆனால் அழைப்பாணை பெற்றுச் சபையில் உட்கார்ந்துவிட்டால் சட்டப்படி அது புதுப் பட்டம்! அழைப்பாணையால் பிறந்ததால் மகளுக்கும் போகும். புத்தகங்களில் இதற்கு 1722 என்றும் இருக்கும், 1723 என்றும் இருக்கும். இரண்டும் ஒரே ஜனவரிதான். 1752 வரை இங்கிலாந்தில் வருஷம் மார்ச் 25-ல்தான் பிறந்தது. நான் எல்லாத் தேதியையும் ஜனவரிக் கணக்குக்கு மாற்றியே குறிக்கிறேன்.

இனி 1750. ஆல்ஜெர்னனின் ஒரே மகன் 1744-ல் போலோனாவில் அம்மை கண்டு இறந்துபோனான். மிஞ்சியது மகள் எலிசபெத், மருமகன் சர் ஹ்யூ ஸ்மித்சன். கிழவர் சார்லஸுக்கு ஸ்மித்சனைக் கண்டாலே ஆகாது; சொத்தெல்லாம் தன் மகள் வயிற்றுப் பேரன் சார்லஸ் விண்டமுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம். 1748 டிசம்பரில் கிழவர் கண்ணை மூடினார், ஆல்ஜெர்னன் டியூக் ஆனார். 1749 அக்டோபரில் சமரசமாக அவருக்கு இரண்டு புது ஏர்ல் பட்டங்கள்: நார்தம்பர்லாண்ட், தனக்குப் பின் மருமகனுக்கு, எக்ரமாண்ட், தனக்குப் பின் விண்டமுக்கு. 1750 பிப்ரவரி 7-ல் அவரும் இறந்தார். சாமர்செட் டியூக் பட்டம் தூரத்துச் சீமூர் பங்காளிக்கு, நார்தம்பர்லாண்ட் ஸ்மித்சனுக்கு, எக்ரமாண்ட் பெட்வர்த் மாளிகையோடு விண்டமுக்கு, பெர்சி பாரன் பட்டம் மகளுக்கு. ஒரே சாவில் நான்கு கோடுகள் நான்கு திசைக்குப் பிரிகின்றன.

என் அளவில் அந்த அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடையே முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர். அதற்குள் இரண்டு பட்டம் பிறந்து, கைமாற வேண்டும். கடைசியில் 1748 டிசம்பர் முதல் 1750 பிப்ரவரி வரை மட்டும் கீழே ஓர் உள்கட்டம் போட்டு, மாதத்துக்கு 10 மில்லிமீட்டர் கொடுத்தேன். மேலே பெரிய படத்தில் ஒரு செங்குத்துக் கோடு மட்டும். நான்கும் அதில் முட்டி நின்று, மறுபக்கம் வேறு வேறு உயரத்தில் கிளம்புகின்றன.

இதில் பாதி வெற்றி ரூலிங் பேனாவுக்குத்தான் சேரும், இரண்டு உலோக இதழ்களுக்கு நடுவில் நிறத்தைத் தாங்கிக் கோடு இழுக்கும் பழைய பேனா அது. டெக்னிகல் பேனா இந்த வேலைக்கு ஆகாது என்பது என் தீர்மானமான கருத்து. குவாஷ் நிறம் (ஒளி ஊடுருவாத கெட்டி நீர்வண்ணம்) அதில் ஓடாது, மை ஓடினாலும் காய்ந்த பிறகு வெளிறித் தெரியும். ரூலிங் பேனாவில் குவாஷைப் பால் பதத்துக்குக் கரைத்து, ஒரு சொட்டு கம் அராபிக் (வேலம் பிசின்) விட்டு, தூரிகையால் இரண்டு இதழ்களுக்கும் நடுவில் ஊட்ட வேண்டும். 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் நிரப்பினால் காகிதம் தொட்ட இடத்தில் குமிழாக இறங்கிவிடும். வெளிப்பக்கத்தை ஒவ்வொரு முறையும் துடைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அளவுகோலுக்கு அடியில் நிறம் பாயும். இதழ்களின் நுனியை எண்ணெய்க் கல்லில் தீட்டி இரண்டையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. தீட்டிய பிறகு இழுத்த கோடு தலைமுடி போல விழுந்தது.

காகிதம்தான் கடுப்பு. ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக வேண்டுமென்று வழவழப்பான ஹாட் பிரஸ் ரோல் சொல்லிவைத்தேன். கடைக்காரர் அனுப்பிய முதல் ரோல் சொரசொரப்பான கோல்ட் பிரஸ். அதில் எந்தப் பேனாவும் நேராக ஓடாது. மாற்றித் தர ஒரு மாதம் இழுத்தடித்தார்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய ரூலிங் பேனாக்களுக்கு, ஆர்க்கிடெக்ட் அலுவலகம் காலி செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். புதிதாக வருபவற்றில் இதழ் மெலிசு.

இனி மிச்சம். ஸ்மித்சன் 1750-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் பெர்சி என்று பெயரை மாற்றிக்கொண்டார், 1766-ல் டியூக் ஆனார். அவருடைய முறைப்படி பிறக்காத மகன் ஜேம்ஸ் ஸ்மித்சனின் உயில் பணத்தில்தான் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் எழுந்தது. கோடில்லாத இன்னொரு ஓரப் பெயர். 1865-ல் நான்காவது டியூக் பிள்ளையில்லாமல் போனதும் டியூக் பட்டம் பெவர்லி ஏர்லான பங்காளிக்குப் போக, பாரன் பட்டம் மட்டும் இறந்த டியூக்கின் சகோதரி வழியில் ஸ்காட்லாந்தின் அத்தோல் டியூக்குகளிடம் போனது. 1957-ல் ஒன்பதாவது அத்தோல் டியூக் இறந்தபோதுதான் திரும்பி வந்தது. 92 வருஷம், 18 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஒரு கோடு மேல் வரிசைக்கு ஏறி இறங்க வேண்டும். பென்சிலில் போட்டுவிட்டேன், நிறம் இன்னும் ஏற்றவில்லை.

ஆனால் மனசு அதற்குள் கிளைவ் குடும்பத்துக்குத் தாவிவிட்டது. மெட்ராஸ் கவர்னராக 1798 முதல் 1803 வரை இருந்த எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். மைத்துனர் போவிஸ் ஏர்ல் 1801-ல் வாரிசின்றி இறக்க, 1804-ல் அந்தப் பட்டம் இவருக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்டது. மகன் 1807-ல் தாய்வீட்டு ஹெர்பர்ட் பெயரை எடுத்துக்கொண்டார். ஸ்மித்சன் கதையேதான். ராபர்ட்டின் 1762 பிளாசி பாரன் பட்டம் அயர்லாந்து வரிசை என்பதால் அதற்குத் தனி நிறம் வேண்டும். மரகதப் பச்சை ஒரு டியூப் வாங்கி வைத்திருக்கிறேன், ரூலிங் பேனாவில் எப்படி ஓடுகிறது என்று இந்த வாரம் பார்க்க வேண்டும்.