கொரியன் புல்லில் காய்ந்த மூன்று திட்டுகள்

கோவையில் எங்கள் வீட்டு முன்வாசலில் சுமார் 300 சதுர அடிக்குக் கொரியன் புல் போட்டு மூன்று வருடம் ஆகிறது. இந்த ஜூலைக் கடைசியில் அது மூன்று இடத்தில் காய ஆரம்பித்தது. கேட் பக்கம் ஒரு பெரிய திட்டு, மதில் ஓரம் நீளமாக ஒரு பட்டை, படிக்கட்டு அருகே கையகல வட்டங்கள். தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து பத்து நாள் இரண்டு வேளையும் ஊற்றினேன். ஒன்றுகூடத் தெளியவில்லை. கேட் பக்கத் திட்டு இன்னும் பெரிதாகிவிட்டது.

சரி, தோண்டித்தான் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

வட்டங்களுக்குத் தோண்டவே தேவைப்படவில்லை. நடுவில் வைக்கோல் நிறம், சுற்றி விரலகலத்துக்குக் கரும்பச்சை. எங்கள் நாய் காலையில் அவிழ்த்துவிட்டதும் போகிற இடம் அது. சிறுநீரில் இருக்கும் நைட்ரஜன் நடுவில் அளவு மீறிப் புல்லைப் பொசுக்குகிறது, ஓரத்தில் நீர்த்துப்போய் உரமாகிறது. இப்போது அது போன கையோடு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். புது வட்டம் வரவில்லை.

மதில் ஓரப் பட்டையின் விளிம்பு கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. நோயும் பூச்சியும் அப்படிக் கோடு பிடித்து வராது. நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்தினேன். மற்ற இடத்தில் கைப்பிடி வரை இறங்கியது, இங்கே இரண்டு அங்குலத்தில் முட்டி நின்றது. கடப்பாரையால் நெம்பினால் காய்ந்த சிமெண்ட் கலவை, உடைசல் செங்கல், டைல்ஸ் துண்டு. வீடு கட்டியபோது பூச்சு வேலையில் மிஞ்சியதை அங்கேயே கொட்டி, மேலே செம்மண்ணைப் பரப்பியிருக்கிறார்கள். இரண்டு அங்குல மண்ணில் எவ்வளவு ஈரம் நிற்கும்? மதிய வெயிலுக்குள் சுண்டிவிடும். ஏழு சட்டி அள்ளிப் போட்டுவிட்டு, முக்கால் அடி ஆழத்துக்குச் செம்மண்ணும் மட்கிய சாணமும் நிரப்பினேன்.

கேட் பக்கம்தான் என்னை மிகவும் வருத்தியது. புல்லைப் பிடித்து லேசாக இழுத்தேன். பாய் சுருட்டுவது போல அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. மண்ணைக் கிளறினால் வெள்ளைப்புழு. வளைந்து சுருண்ட உடம்பு, பழுப்புத் தலை, தலைக்குப் பக்கத்தில் மூன்று ஜோடிக் கால், வால் பக்கம் தோல் வழியாகக் கருப்பாகத் தெரியும் மண். ஒரு சதுர அடியில் பதினொன்று எண்ணினேன். இரண்டு வாரமாக மைனாக்கள் அந்த இடத்தையே கொத்திக்கொண்டிருந்தன. எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னும் பின்னால் யோசித்தால், மே மாதக் கோடை மழைக்குப் பிறகு கேட் விளக்கடியில் பழுப்பு வண்டுகள் வந்து விழும், காலையில் கூட்டித் தள்ளுவேன். இரவில் வேப்பிலை தின்று, மண்ணில் முட்டையிடும் வண்டுகள் அவை. அந்த முட்டையில் பொரிந்து வருவதுதான் இந்த வெள்ளைப்புழு. எங்கள் கேட்டுக்கு மேலேயே வேப்பமரம் நிற்கிறது.

கைக்கு அகப்பட்ட புழுவை எல்லாம் பொறுக்கிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். “கண்ணு, இன்னும் இருந்தா கொண்டா, கோழி பறந்து பறந்து திங்குது” என்றார். மிச்சத்துக்கு மெட்டாரைசியம் பொடி, புழுவின் உடம்பில் வளர்ந்து அதைக் கொல்லும் பூஞ்சை. மட்கிய எருவில் கலந்து, ஈரச் சாக்கு மூடி ஒரு வாரம் நிழலில் வைத்து, சாயங்காலம் தூவித் தண்ணீர் தெளித்தேன். இந்தப் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், வெயில் ஆகாது. மூன்று வாரம் கழித்துத் தோண்டியபோது இரண்டு புழு விறைத்துக் கிடந்தன, உடம்பு முழுக்கப் பாசிப்பச்சைத் தூள். அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம்! உயிரோடும் மூன்று இருந்தன. வளர்ந்த புழுவை இது சீக்கிரம் பிடிப்பதில்லை. குஞ்சாக இருந்தபோதே போட்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் முதல் வாரம், நல்ல புல்லின் ஓரத்திலிருந்து சிறு சிறு கட்டிகளாகப் பெயர்த்து, நான்கு அங்குல இடைவெளியில் நட்டு மிதித்துவிட்டேன். கொரியன் புல் மெதுவாகத்தான் படரும். ஒரு மாதத்தில் கட்டிக்குக் கட்டி ஓர் அங்குலம் சுற்றிலும் நீண்டிருக்கிறது, கணுவில் வெள்ளை வேர் இறங்குவது தெரிகிறது. அடுத்த மே மாதம் முதல் மழை விழுந்த அன்றே கேட் விளக்கடியில் சோப்புத் தண்ணீர் வாளி வைப்பதாக இருக்கிறேன்.