பஸ் திரும்பும் வரை

"தே புட் மோலி டவுன், லவ்."

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம் அது. ஒன்பதாம் அறைப் பாட்டி டீயைத் தொடவே இல்லை. மோலி அவருடைய நாய். மகள் வீட்டில் வளர்கிறது, ஞாயிறுதோறும் பாட்டியைப் பார்க்க வரும். புட் என்றால் வைப்பது, டவுன் என்றால் கீழே. நாயைக் கீழே இறக்கி வைத்துவிட்டார்கள், அதற்கா இவ்வளவு வருத்தம் என்று நினைத்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை வரட்டும், நீங்களே மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சிரித்தபடி சொன்னேன். பாட்டி என்னையே பார்த்தார். அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கூட வேலை பார்த்தவர் என்னை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார். நாய்க்கு வயதாகிவிட்டது, வலி தாங்க முடியவில்லை, டாக்டர் ஊசி போட்டு அதன் உயிரை அமைதியாக முடித்துவிட்டார். அதற்குப் பெயர்தான் புட் டவுன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மதுரையில் நர்சிங் படித்தவள் நான். ஆங்கிலத் தேர்வு எழுதித் தேறித்தான் இங்கே வந்தேன். பள்ளிக்கூடத்தில் புத்தகம் மேசை மேல் இருக்கிறது, பூனை மேசைக்கு அடியில் இருக்கிறது என்று ஆன், அண்டர், பிட்வீன் எல்லாம் மனப்பாடமாகப் படித்தோம். அந்தச் சின்னச் சொல் வினைச்சொல்லோடு போய் ஒட்டிக்கொண்டால் வினையின் உயிரே மாறிவிடும் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டை விட்டு இத்தனை தூரம் வந்து பிறருடைய துக்கத்துக்கு ஆறுதல் சொல்லும் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தானே?

அதன் பிறகு புட் எங்கே வந்தாலும் காது விழித்துக்கொண்டது. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது. புட் அவுட் என்றால் விளக்கையோ தீயையோ அணைப்பது, குப்பைத் தொட்டியை வாசலில் கொண்டு வைப்பதும் அதே புட் அவுட்தான். போனை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் புட் த்ரூ. புட் அப் என்று மட்டும் சொன்னால் விருந்தாளியை இரவு தங்க வைப்பது. அதோடு ஒரு வித் சேர்ந்துவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது. விருந்தாளிக்கும் பொறுமைக்கும் இடையே ஒரே ஒரு வித்!

நூலகத்தில் நடந்த மாலை வகுப்பில்தான் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. ஆசிரியை பலகையில் இரண்டு வாக்கியங்கள் எழுதினார். 'ஷி ரேன் அப் ஏ ஹில்', 'ஷி ரேன் அப் ஏ பில்'. பார்வைக்கு அச்சு அசல் ஒன்றே. முதலாவது மலை மேல் ஓடினாள், இரண்டாவது கடனை ஏற்றிக்கொண்டாள். ஹில்லையும் பில்லையும் எடுத்துவிட்டு 'இட்' போடச் சொன்னார். மலைக்கு 'ரேன் அப் இட்'. அப் மலையோடு சேர்ந்தது, அதை விட்டு நகராது. கடனுக்கு 'ரேன் இட் அப்'. அங்கே அப் வினைக்குச் சொந்தம், இட் நடுவில் நுழைய வழி விடுகிறது. யார் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்ததும் வாக்கியம் தன்னால் பிரிந்து நின்றது. அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை ஹில், பில் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பஸ்ஸில் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். நமக்கு வீட்டில், காரில், பஸ்ஸில், எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்' போதும். இங்கே காருக்கு இன், பஸ்ஸுக்கு ஆன். உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் பெரும்பாலும் ஆன் என்று வைத்துக்கொள்ளலாம், ரயில், கப்பல், விமானம் எல்லாம் அப்படித்தான். இந்த ஊர்க்காரர்கள் அதற்கும் மேலே ஒரு படி. எனக்கு முதன்முதலில் ஷிஃப்ட் சொன்னபோது 'எய்ட் வைல் ஃபோர்' என்றார்கள். வைல் என்றால் 'அந்த நேரத்தில்' என்றுதானே படித்தோம்? யார்க்‌ஷயர் பேச்சில் அது 'வரை'யும் ஆகும். எட்டு முதல் நாலு வரை. லண்டனுக்குப் போவது இவர்களுக்கு டவுன், ஸ்காட்லாந்துக்குப் போவது அப். வடக்கு மேலே, தெற்கு கீழே. நம் ஊரில் மேல் என்பது மேற்கு, மலை இருக்கிற பக்கம். கீழ் என்பது கிழக்கு. மதுரையில் மேலமாசி வீதி, கீழமாசி வீதி என்று பெயரிலேயே திசை இருக்கிறது. சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும்போது அப்பத்தா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம், எழுதும்போதே மணிக்கட்டில் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் பழகிவிட்டது. ரோட்டாவை, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியலை, ஒருவரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, நான் அம்மாவோடு போனில் பேசுவதைக் கேட்டு, "அதென்ன பாத்து, பாத்து என்று இத்தனை முறை?" என்றாள். பார்த்துப் போ, பார்த்துக்கோ, பார்த்து வை, பார்த்துடலாம். ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தேன். பார்த்துக்கோ என்பதில் வரும் 'கொள்' என்ன செய்கிறது என்று கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. அவர்கள் சின்னச் சொல்லைப் பக்கத்தில் வைக்கிறார்கள், நாம் வினையின் வாலில் இன்னொரு வினையைக் கட்டுகிறோம். நமக்கு அது அம்மாவின் குரலோடு வந்தது, அதனால் இத்தனை வருஷம் கண்ணில் படவில்லை.

போன தை மாதம் அம்மா விடியற்காலையில் கூப்பிட்டார். "அப்பத்தா போயிட்டாங்க பாப்பா."

போ, அதன் வாலில் ஒரு விடு. தமிழ் தெரியாதவர் அகராதியை வைத்துக்கொண்டு படித்தால், எங்கே போனார், எப்போது வருவார் என்றுதான் கேட்பார். மோலிக்காக நான் பாட்டியிடம் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. லீவு கேட்க மேலாளருக்குப் போன் செய்தேன். பாஸ் என்று தொடங்கிவிட்டு அதன் பக்கத்தில் வர வேண்டிய சொல்லைத் தேடினேன். அவுட் என்றால் மயக்கம். ஆன் என்றால் கைமாற்றிக் கொடுப்பதும் ஆகலாம். அவே. தூரமாக. அந்தச் சொல் வந்ததும்தான் அழுகையும் வந்தது. டிக்கெட் கிடைக்கவில்லை. இறுதிச் சடங்கை வீடியோவில்தான் பார்த்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனபோது ஒன்பதாம் அறைப் பாட்டிக்குச் செய்தி தெரிந்திருந்தது. என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்: "டிட் ஷி லுக் ஆஃப்டர் யூ, லவ்?"

லுக் என்றால் பார்ப்பது, ஆஃப்டர் என்றால் பின்னால். சேர்ந்தால் பார்த்துக்கொள்வது. கல்லூரி விடுதிக்குத் திரும்பும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அப்பத்தா வேப்பமரத்து ஸ்டாப் வரை என்னோடு நடந்து வரும். மேலூர் பஸ் கிளம்பியதும் கையை நெற்றியில் வெயிலுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு, பஸ் போகும் திசையையே பார்த்தபடி நிற்கும். பின் கண்ணாடி வழியாக நானும் பார்ப்பேன். கண்மாய்க் கரையில் பஸ் திரும்பும் வரை அந்த வெள்ளைச் சேலை அசையாது.

"எஸ்" என்றேன். "பஸ் திரும்பும் வரை."

தமிழில் சொல்லிவிட்டேன். பாட்டி தலையாட்டினார்.